"படம் எப்பிடி மச்சான்?": பார்த்த படத்தைப் பற்றி நண்பர்களுக்குச் சொல்வது எப்படி

தியேட்டரால் வெளியில் வந்து மோட்டார் சைக்கிளை எடுப்பதற்குள் போன் அடிக்கும். "படம் எப்பிடி?" இந்தக் கேள்வியைக் கேட்பவர்களில் இரண்டு வகை உண்டு. படத்தை இன்னும் பார்க்காதவன் கேட்பது, "காசும் ஒரு பின்னேரமும் செலவழிச்சுப் போகலாமோ?" என்பதை. ஏற்கனவே பார்த்தவன் கேட்பது, "எனக்குப் பட்டது உனக்கும் பட்டுதோ?" என்பதை. முதலாமவனுக்கு முடிவைச் சொல்லிக் கொடுத்துவிடுவதும், இரண்டாமவனுக்கு "ஒருக்காப் பார்க்கலாம்" என்று சொல்லி வாயை மூடுவதும்தான் படத்தைப் பற்றிய பேச்சில் வரும் மனக்கசப்புகளில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம். ஆகவே பதில் சொல்ல முதல் ஒரு கேள்வி திருப்பிக் கேளுங்கள்: "நீ பாத்திட்டியோ?"

மிச்சத்தைப் படிப்படியாகப் பார்ப்போம்.

படி 1: மறக்க முதல் மூன்று விஷயத்தைக் குறித்து வையுங்கள்

படம் முடிந்து வீடு போவதற்குள் போனில் மூன்று வரி எழுதுங்கள். ஒன்று, மனதில் நின்ற ஒரே ஒரு காட்சி. இரண்டு, கவனம் கழன்ற இடம்; அது இடைவேளைக்கு முன்னா பின்னா என்பதையும் சேர்த்து. மூன்று, விளங்காமல் போன ஏதாவது.

வேறு யாருடைய ஸ்டேட்டஸையும் யூடியூப் விமர்சனத்தையும் பார்ப்பதற்கு முன்பே இதை எழுத வேண்டும். ஒரு விமர்சனத்தைக் கேட்டு முடிந்த பிறகு அந்த ஆளின் சொற்கள் எங்கள் வாயில் வந்து ஒட்டிக்கொள்ளும். "இரண்டாம் பாதி தொய்வு" என்று ஊரே சொன்னால், உங்களுக்குத் தொய்வாகப் படாவிட்டாலும் அதையே சொல்லிக்கொண்டு திரிவீர்கள். நண்பன் கேட்பது உங்களுடைய கண்ணுக்குப் பட்டதை. யூடியூப்பில் உள்ளதை அவனே பார்த்துக்கொள்வான்.

இடைவேளை எங்கள் தமிழ்ப் படங்களோடு கூடவே வருகிற நல்ல அளவுகோல். கச்சான் வாங்கப் போகும்போது "இப்ப எழும்பிப் போகச் சொன்னாப் போவனோ?" என்று உங்களையே கேளுங்கள். அந்தப் பதிலை நினைவில் வைத்தால், படத்தின் முதல் பாதியைப் பற்றிப் பிழையில்லாமல் சொல்லலாம். முடிவு நல்லாக இருந்தால் முழுப் படமும் நல்லது போலவும், முடிவு சரியில்லாவிட்டால் எல்லாமே கூடாது போலவும் மனம் மாற்றிக் காட்டும்.

படி 2: மூன்று வசனத்தில் பதில்

பார்க்காத நண்பனுக்கு மூன்று வசனம் போதும். போகலாமா வேண்டாமா என்பது முதல் வசனம். ஏன் என்பது இரண்டாவது. யாருக்குப் பொருந்தும் என்பது மூன்றாவது. வொய்ஸ் மெசேஜில் அனுப்பினால் அரை நிமிசத்துக்கு மேல் போகக்கூடாது. உதாரணம்:

"ஒருக்காப் பாக்கலாம் மச்சான். இடைவேளை மட்டும் விறுவிறெண்டு போகுது, பேந்து வில்லன்ர பழைய கதைக்கு அரை மணித்தியாலம் மினக்கெடுத்திப்போட்டாங்கள். சண்டைப் படம் பிடிக்குமெண்டாப் போ, அம்மாவையும் கூட்டிக்கொண்டு போறதெண்டா வேண்டாம்."

இதில் கதை ஒன்றும் வெளியில் வரவில்லை. ஆனால் கேட்டவன் முடிவெடுத்துவிடலாம்.

மூன்றாவது வசனத்தைப் பலர் விட்டுவிடுகிறார்கள். பருத்தித்துறையில் இருந்து யாழ்ப்பாணத்துக்கு ஏறக்குறைய முப்பது கிலோமீற்றர். அங்கிருந்து வருகிறவன் இரவுக் காட்சி முடிந்து பஸ் பிடிப்பது கஷ்டம். பெற்றோல், ரிக்கற், இடைவேளைச் சாப்பாடு எல்லாம் சேர்த்துக் கணக்குப் பார்த்துத்தான் அவன் கேட்கிறான். தியேட்டருக்குப் பக்கத்தில் இருக்கிறவனுக்கு "பறவாயில்லை" என்ற படம், அவனுக்கு "ஓடிடியில வரட்டும்" என்ற படமாக இருக்கலாம். தமிழ்ப் படங்கள் பெரும்பாலும் சில கிழமைகளில் ஓடிடிக்கு வந்துவிடுவதால், "பெரிய திரையில பாக்கவேண்டிய படமோ, வீட்டில இருந்து பாத்தாலும் காணுமோ" என்பதையும் சொல்லிவிடுங்கள்.

சொற்களின் அளவும் முக்கியம். எங்கள் ஊரில் ஒரு ஏணியே இருக்கிறது: மேலே "அந்தமாதிரி", அதற்குக் கீழே "திறம்", பிறகு "நல்லாயிருக்கு", "பறவாயில்லை", "ஒருக்காப் பாக்கலாம்", அடியில் "மினக்கெட்டுப் போகத் தேவையில்லை". ஒவ்வொரு கிழமையும் ஒரு படத்தை "அந்தமாதிரி" என்று சொல்லிக்கொண்டிருந்தால், உண்மையிலேயே அந்தமாதிரிப் படம் வரும்போது சொல்ல உங்களிடம் சொல் இராது. வருடத்தில் இரண்டு மூன்று படத்துக்கு மேல் அந்தச் சொல்லைச் செலவழிக்காதீர்கள். "பறவாயில்லை" இன்னொரு சிக்கல். நேரில் சொன்னால் குரலில் விளங்கும். எழுத்தில் அனுப்பினால் ஒருவனுக்கு நல்லது என்று படும், மற்றவனுக்குக் கூடாது என்று படும். எழுதும்போது அதற்குப் பக்கத்தில் காரணத்தையும் போடுங்கள்.

படி 3: "நல்லாயில்லை" என்பதற்குள் இருப்பதைப் பிரித்துச் சொல்லுங்கள்

பார்த்தவனோடு கதைக்கும்போதுதான் இது தேவைப்படும், இதில்தான் கதை ருசிக்கும். "இசை சரியில்லை" என்றால் எதிரில் இருப்பவன் "ஏன், நல்லாத்தானே இருந்தது" என்பான், அதோடு கதை நின்றுவிடும். "தாயும் மகனும் மெதுவாக் கதைக்கிற இடத்திலயும் வயலினைப் போட்டு அமத்திப்போட்டாங்கள், என்ன கதைக்கினம் எண்டே கேக்கேல்லை" என்று சொன்னால் அவனுக்கும் அந்த இடம் ஞாபகம் வரும். ஒத்துக்கொள்வான், அல்லது வேறு காரணம் சொல்வான். ஒரு குறைக்கு ஒரு காட்சி என்று வையுங்கள். காட்சி ஞாபகம் வராவிட்டால் அந்தக் குறையை விட்டுவிடுங்கள்.

கதை, திரைக்கதை, எடிட்டிங் மூன்றையும் புதிதாகக் கதைக்கத் தொடங்குபவர்கள் குழப்பிக்கொள்வார்கள். நடந்தது என்ன என்பது கதை. அது எங்களுக்கு எந்த ஒழுங்கில், யார் மூலமாகத் தெரியவருகிறது என்பது திரைக்கதை. கொலைகாரன் யார் என்பது முதல் காட்சியிலேயே தெரிந்தால் ஒரு படம், கடைசியில் தெரிந்தால் இன்னொரு படம், கதை ஒன்றுதான். எடிட்டிங்கை இப்படிச் சோதியுங்கள்: ஒரு காட்சியில் சொல்லவேண்டியது முடிந்த பிறகும் அது நின்றுகொண்டிருந்தால், அல்லது முகத்தைப் பார்த்து முடிவதற்குள் வெட்டிவிட்டால், குறை எடிட்டிங்கில் இருக்கலாம். காட்சியே தேவையில்லை என்று பட்டால் பெரும்பாலும் திரைக்கதையில் பிரச்சினை.

நடிப்பைப் பற்றிச் சொல்லும்போது, வசனம் பேசும் ஆளை விட்டு, கேட்டுக்கொண்டிருக்கும் ஆளின் முகத்தைப் பாருங்கள். தனக்கு வசனம் இல்லாத நேரத்தில் ஒரு நடிகர் என்ன செய்கிறார் என்பதில் நிறையத் தெரியும். இதைப் பழகிக்கொண்டால் "நல்லா நடிச்சிருக்கிறார்" என்பதைவிட நல்ல விஷயம் சொல்ல உங்களிடம் இருக்கும்.

குறை சொல்ல முதல் ஒன்றைச் சரிபாருங்கள்: அது படத்தின் குறையா, நீங்கள் பார்த்த விதத்தின் குறையா? வசனம் கேட்கவில்லை என்றால் அந்தத் தியேட்டரின் ஸ்பீக்கராக இருக்கலாம், முன்வரிசையில் ஒரு பக்கமாக இருந்ததாகவும் இருக்கலாம். படம் இருட்டாகத் தெரிந்தால் புரொஜெக்டர் வெளிச்சம் காணாமல் இருக்கலாம். வேறு இடத்தில் பார்த்த ஒருவனிடம் கேட்டால் விளங்கிவிடும். தியேட்டரில் களவாக எடுத்த கொப்பியில் பார்த்துவிட்டு ஒளிப்பதிவையும் ஒலியையும் பற்றி ஒரு சொல்லும் சொல்லாதீர்கள். அதில் நிறம் செத்திருக்கும், ஓரம் வெட்டுப்பட்டிருக்கும், பின்னணி இசை இரைச்சலாகக் கேட்கும். எத்தனையோ பேரின் உழைப்பை அதை வைத்து அளப்பது நியாயமில்லை. மொழிமாற்றிய படம் என்றால் அதையும் சொல்லுங்கள். குரல் ஒட்டாமல் இருப்பது அந்த நடிகரின் பிழை இல்லை.

படி 4: முடிவை உடைக்காமல் இருப்பது

ட்ரெய்லரில் காட்டியதும் படத்தின் முதல் இருபது நிமிசத்தில் நடப்பதும் சொல்லலாம். அதற்குப் பிறகு வருவதைத் தொடாதீர்கள். கிளைமாக்ஸ் மட்டும்தான் இரகசியம் என்று நினைக்க வேண்டாம். யார் திடீரென்று ஒரு காட்சியில் வந்து போகிறார், யார் சாகிறார், யார் உண்மையில் கெட்டவன் என்பவையும் அப்படித்தான். "கடைசியில ஒரு திருப்பம் இருக்கு, சொல்லமாட்டன்" என்பதும் உடைத்ததுதான். கேட்டவன் முழுப் படத்தையும் அந்தத் திருப்பத்தைத் தேடிக்கொண்டே பார்ப்பான்.

யாழ்ப்பாணத்து நண்பர் குழுக்களில் இதற்கு ஒரு தனிப் பிரச்சினை உண்டு. குழுவில் பாதிப் பேர் கனடாவிலும் லண்டனிலும் இருப்பார்கள். வெள்ளிக்கிழமை வரும் பெரிய படங்களுக்கு ரொறன்ரோவில் வியாழன் பின்னேரமே சிறப்புக் காட்சி போடுவது வழக்கம். கோடை காலத்தில் அங்கே வியாழன் பின்னேரம் 7 மணி என்றால் இங்கே வெள்ளி அதிகாலை 4.30. படம் மூன்று மணித்தியாலம் என்று வைத்தாலும், நீங்கள் எழும்பித் தேத்தண்ணி குடிக்கும்போது குழுவில் எல்லாம் வந்து கிடக்கும். படம் வருவதற்கு முதல்நாளே குழுவில் பேசி ஒரு ஒழுங்கு வையுங்கள். முதல் இரண்டு கிழமைக்குப் பொதுக் குழுவில் மூன்று வசனப் பதில் மட்டும், விரிவான கதைக்குப் பார்த்தவர்களுக்கென்று தனிக் குழு. இரண்டு கிழமையில் பெரும்பாலானோர் பார்த்துவிடுவார்கள்.

தனிக் குழு தொடங்க ஏலாவிட்டால், எல்லாவற்றையும் ஒரே மெசேஜில் எழுதுங்கள். முதல் வரியில் படத்தின் பெயரும் "பாக்காத ஆக்கள் வாசிக்காதேங்கோ" என்பதும். அதற்குக் கீழே பல வெற்று வரிகள். பிறகு விஷயம். துண்டு துண்டாக அனுப்பினால், போனைத் தொடாமலே நொட்டிபிகேஷனில் கடைசித் துண்டு தெரிந்துவிடும். ரெலிகிராமில் எழுதியதைத் தெரிவுசெய்து "ஸ்பொய்லர்" என்று போட்டால், தொட்டால்தான் எழுத்துத் தெரியும். வட்ஸ்அப்பில் கை தவறி அனுப்பிவிட்டால், 15 நிமிசத்துக்குள் என்றால் திருத்தலாம், இரண்டு நாளுக்குச் சற்று மேல் வரை எல்லாருக்குமாக அழிக்கலாம். உடனே செய்யுங்கள், விளக்கம் பிறகு எழுதலாம்.

படி 5: ஒத்துவராதபோது

"நீ விளங்காமப் பாத்திருக்கிறாய்" என்ற வசனத்தைச் சொல்லாதீர்கள். அதற்குப் பிறகு கதை படத்தைப் பற்றியதாக இராது. "உனக்கு எந்த இடம் பிடிச்சது?" என்று கேளுங்கள். அவன் சொல்லும் காட்சி நீங்கள் கவனிக்காத ஒன்றாக இருக்கலாம். நண்பனுக்குப் பிடித்த நடிகரின் படம் என்றால் நடிகரை விட்டு அந்தப் பாத்திரத்தைப் பற்றிக் கதையுங்கள்: "அவர் அப்பிடி" என்பதற்குப் பதில், "அந்தப் பொலிஸ்காரன் ஏன் அந்த இடத்தில பேசாமல் நிக்கிறான்?" படம் எத்தனை கோடி எடுத்தது என்ற கணக்கு யாருக்கும் எதையும் நிரூபிக்காது. இரண்டு தரம் சொல்லியும் ஒத்துவராவிட்டால் அடுத்த படத்துக்குப் போங்கள்.

படி 6: எங்களைப் பற்றிய படங்கள்

இதற்கு மட்டும் கூடுதல் கவனம் வேண்டும். இந்தியப் படங்களில் யாழ்ப்பாணத் தமிழ் வரும்போதெல்லாம் எங்களுக்குள் வாக்குவாதம் வரும்; 2000 இல் வந்த தெனாலியில் கமல்ஹாசன் பேசிய தமிழைப் பற்றி இன்றும் கதைப்பவர்கள் இருக்கிறார்கள். "எங்கட தமிழைக் கெடுத்துப்போட்டாங்கள்" என்று நிறுத்தாதீர்கள். எந்தச் சொல், எந்த இழுவை, எந்த இடத்தில் என்று பிடித்துச் சொல்லுங்கள். "எண்டு" என்று தொடங்கி அதே வசனத்தில் "பேசிட்டு இருக்கேன்" என்று முடித்தால், அதைச் சுட்டிக்காட்டலாம். வடமராட்சிப் பேச்சும் தீவுப்பகுதிப் பேச்சும் ஒன்றல்ல என்பதையும் நினைவில் வையுங்கள். உங்களுக்குப் பிழையாகப் பட்டது இன்னொருவர் வீட்டில் பேசும் தமிழாக இருக்கலாம்.

போரைக் காட்டும் படம் என்றால், நண்பன் போக முதல் அதைத் தெளிவாகச் சொல்லுங்கள்: "செல் அடிக்கிற சத்தம் கனநேரம் இருக்கு, சனம் இடம்பெயருற காட்சி இருக்கு, ஆளைத் தேடிக்கொண்டு திரியிற தாய் ஒராள் வாறா." இது கதையை உடைப்பதில் சேராது. வீட்டில் ஒருவரை இழந்தவர், முகாமில் இருந்தவர், இன்னும் தேடிக்கொண்டிருப்பவர் எங்கள் எல்லாருடைய நட்பு வட்டத்திலும் இருக்கிறார்கள். பெரிய ஒலிபெருக்கியில் அந்தச் சத்தத்தைக் கேட்பதா வேண்டாமா என்று முடிவெடுக்கும் உரிமை அவர்களுடையது. பார்க்க மாட்டேன் என்றால் ஏன் என்று துருவ வேண்டாம்.

2015 இல் தொடங்கிய யாழ்ப்பாண சர்வதேச திரைப்பட விழா போன்ற இடங்களில் பார்க்கும் படங்களுக்கும், சிங்கள இயக்குநர் தர்மசேன பத்திராஜ யாழ்ப்பாணத்தைக் களமாக வைத்து 1977 இல் எடுத்த பொன்மணி போன்ற பழைய படங்களுக்கும், "இழுக்குது" என்ற சொல்லை அவசரப்பட்டுப் போடாதீர்கள். காட்சி நீளமாக நிற்கும்போது அந்த நேரத்தில் திரையில் வேறு என்ன தெரிகிறது என்று பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். நண்பனுக்குச் சொல்லும்போது "மெதுவாத்தான் போகும், நித்திரைக் களையோட போகாதை" என்றால் போதும்.

படி 7: பெரியவர்கள் கேட்டால்

மாமா, அண்ணை, ரீச்சர் கேட்கும்போது அவர்களுக்குத் தெரியவேண்டியது வேறு. பிள்ளைகளோடு இருந்து பார்க்கலாமா, வெட்டுக்குத்து எவ்வளவு, எத்தனை மணிக்கு முடியும். "குடும்பமாப் பாக்கலாம் மாமா, இரண்டாம் பாதியில ஒரு சண்டையில ரத்தம் கொஞ்சம் கூட, சின்னவனைக் கூட்டிக்கொண்டு போறதெண்டா யோசியுங்கோ." அவர்கள் பார்த்துவிட்டு வந்ததும் நீங்கள் முந்தாமல், அவர்களைச் சொல்லவிடுங்கள். தங்கள் காலத்துப் படத்தோடு ஒப்பிடுவார்கள். அந்தப் படத்தின் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள், அடுத்துப் பார்க்க ஒன்று கிடைத்துவிடும்.

பிறகு ஓடிடியில் இரண்டாம் தரம் பார்க்கும்போது உங்கள் எண்ணம் மாறினால், முதல் சொன்ன அதே குழுவில் அதையும் போடுங்கள்: எந்தக் காட்சி மாற்றியது என்பதோடு.