முதல் மஸில்லோடர்: கடைக்குப் போவதற்கு முன்பிருந்து கழுவி வைப்பது வரை

மருந்தையும் குண்டையும் குழலின் வாய் வழியாகவே போட்டுத் திணிக்கும் துப்பாக்கிதான் மஸில்லோடர். நம் ஊரில் நாட்டுத்துப்பாக்கி என்கிறோமே, அந்த வகை. அமெரிக்காவின் பல மாநிலங்களில் இதைக் கொண்டு மான் வேட்டையாடத் தனிப் பருவமே உண்டு. இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி மான் வேட்டை குற்றம். ஆகவே, இது அமெரிக்காவில் உரிமம் எடுத்து வேட்டைக்குப் போகிறவர்களுக்கு மட்டும்.

1. விதிப்புத்தகம்

துப்பாக்கியைத் தேர்ந்தெடுப்பது உங்கள் மாநிலத்தின் விதிதான். பென்சில்வேனியாவில் கிறிஸ்துமஸுக்குப் பிறகு வரும் பருவத்தில் சிக்கிமுக்கிக் கல்லின் பொறியில் வெடிக்கும் ஃப்ளின்ட்லாக் மட்டுமே செல்லும். கொலராடோவின் மஸில்லோடர் பருவத்தில் சாபோ எனும் பிளாஸ்டிக் உறை போட்ட குண்டுக்கும் வில்லை மருந்துக்கும் இடமில்லை. மலிவாகக் கிடைக்கிறதே என்று முழு செட்டையும் வாங்கியபின் விதியைப் படித்தால் பாதி வீண். இந்த ஆண்டுப் பதிப்பையே பாருங்கள்.

2. துப்பாக்கி

விதி இடம் கொடுத்தால் .50 காலிபர் (குழல் துளை அரை அங்குலம்) இன்லைன், மருந்தைப் பற்றவைக்கும் சின்ன வெடிமூடியாக 209 பிரைமர். பிரைமர் மருந்துக்கு நேர் பின்னால் உட்கார்வதால் ஈரத்திலும் நம்பி எடுத்துப் போகலாம். பின்புற மூடியான பிரீச் பிளக்கைக் கழற்ற முடிகிறதா என்று கடையிலேயே பாருங்கள். குழலுக்குள் சுருளாக வெட்டியிருக்கும் வரிப்பள்ளமும் முக்கியம். 28 அங்குலத்துக்கு ஒரு சுற்று என்றால் சாபோ குண்டுக்கு ஏற்றது. 66 அங்குலத்துக்கு ஒரு சுற்று என்றால் துணி சுற்றிய ஈய உருண்டைக்கு. மாற்றிப் போட்டால் குறி சிதறும்.

3. மருந்து

கருமருந்து, அல்லது அதற்கு மாற்றாக விற்கும் பைரோடெக்ஸ், டிரிபிள் செவன், பிளாக்ஹார்ன் 209. தோட்டாவில் போடும் புகையில்லா மருந்து, தயாரிப்பாளர் அதற்கென்றே செய்த துப்பாக்கியைத் தவிர வேறெதிலும் கூடாது. குழலே வெடித்துவிடும்.

அளவை கிரெயின் எனும் எடை அலகில் சொன்னாலும் தராசில் நிறுக்கக் கூடாது. அளவுக் குப்பியால் அளக்க வேண்டும். 50 கிரெயின் வில்லை இரண்டு, 250 கிரெயின் சாபோ குண்டு ஒன்று: இது பரவலாகப் பயன்படும் கணக்கு. கையேட்டின் உச்ச வரம்பைத் தாண்ட வேண்டாம். உதிரி டிரிபிள் செவனுக்கு வேகம் அதிகம், கருமருந்து அளவில் 15 சதவீதம் குறையுங்கள். பைரோடெக்ஸ் வில்லையின் கறுத்த முனை பிரைமர் பக்கம் இருக்க வேண்டும்.

4. திணிப்பது

தவறெல்லாம் நடப்பது இங்கேதான். அவசரப்படாதீர்கள்.

முதலில் திணிக்கும் கோலான ராம்ராடை உள்ளே விட்டுக் குழல் காலி என்று உறுதி செய்யுங்கள். உலர்ந்த துணியால் எண்ணெயைத் துடைத்து, பாதுகாப்பான திசையில், மருந்து போடாமல் பிரைமர் மட்டும் வைத்து இரண்டு முறை வெடியுங்கள். எண்ணெய் தங்கினால் மருந்து நமத்துப்போய்ப் பற்றாது.

வாய்க்கு நேரே முகத்தை நீட்டாமல் மருந்தைப் போடுங்கள். டப்பாவிலிருந்து நேராகக் கொட்டாதீர்கள். உள்ளே ஒரு கனல் துளி இருந்தால் டப்பாவே கையில் வெடிக்கும். குண்டை ஸ்டார்ட்டர் எனும் குட்டைத் தள்ளுகோலால் நுழைத்து, ராம்ராடால் மருந்தின் மேல் படியும்வரை சீராக அழுத்துங்கள். குண்டுக்கும் மருந்துக்கும் இடையே இடைவெளி விழுந்தால் குழல் வீங்கும், பிளக்கவும் கூடும். அதனால் சரியாகப் படிந்ததும், குழல் வாய் மட்டத்தில் ராம்ராடில் ஒரு கோடு போட்டு வையுங்கள். ஒவ்வொரு முறையும் கோடு அங்கே வந்தாக வேண்டும். மேலே நின்றால் குண்டு இன்னும் இறங்கவில்லை, அல்லது இரண்டு முறை மருந்து போட்டுவிட்டீர்கள். இந்தக் கோட்டுக்குச் செலவு ஒன்றுமில்லை, ஆனால் இதைவிடப் பெரிய காப்பு கிடையாது. பிரைமர் கடைசியில், சுடும் இடத்தில் மட்டும்.

5. வெடிக்காவிட்டால்

துப்பாக்கியை இறக்காமல், குறித்த திசையிலேயே ஒரு நிமிடமாவது பிடித்திருங்கள். உள்ளே மருந்து மெல்லக் கனன்று தாமதமாக வெடிப்பதுண்டு. பிறகுதான் பிரைமரை மாற்ற வேண்டும்.

6. பழகுவதும் கழுவுவதும்

50 கஜத்தில் தொடங்கி, பிறகு 100 கஜம். ஒவ்வொரு வெடிக்கும் பிறகு ஈரத்துணி ஒன்று, உலர் துணி ஒன்று விட்டு எடுத்தால் அடுத்த குண்டு சிக்காமல் இறங்கும், குறியும் மாறாது. கருமருந்து, பைரோடெக்ஸ் கரி ஈரத்தை இழுத்து இரும்பை அரிக்கும். அன்றிரவே வெந்நீரும் பாத்திரம் கழுவும் சோப்பும் போட்டுக் கழுவி, நன்கு உலர்த்தி, மெல்ல எண்ணெய் பூசுங்கள். பிரீச் பிளக் மரையில் அதற்கான கிரீஸ் தடவாமல் முடுக்கினால், அடுத்த முறை ஸ்பேனருக்கும் அசையாது.