வீட்டு எஸ்பிரெஸோ: மெஷினைக் குறை சொல்லும் முன் பார்க்க வேண்டிய தவறுகள்

ஆசையாக ஒரு மெஷின் வாங்கி, ஃபில்டருக்குப் போடும் அதே காபித்தூளை அதில் அடைத்து, புளித்த தண்ணீரோ கரிந்த கஷாயமோ வந்ததும் மெஷினைப் பரணில் ஏற்றிவிடுபவர்கள் நிறைய. பெரும்பாலும் குற்றம் மெஷின் மேல் இல்லை. விலை குறைந்த மெஷினிலும் நல்ல எஸ்பிரெஸோ வரும், தூள் சரியாக இருந்தால்.

ஃபில்டரில் தண்ணீர் தன் எடையால் மெல்லச் சொட்டி இறங்குகிறது. எஸ்பிரெஸோவில் பம்ப் சுமார் 9 பார் அழுத்தத்தில், அதாவது நம்மைச் சுற்றியுள்ள காற்றழுத்தத்தைப் போல் ஒன்பது மடங்கில், தண்ணீரைத் தள்ளுகிறது. அதை 25–30 நொடி தடுத்து நிறுத்த வேண்டியது தூளின் வேலை. ஃபில்டர் தூள் அதற்குப் போதிய நைஸ் இல்லை. பத்து நொடியில் தண்ணீர் ஓடிவிடும், புளிப்பும் நீர்த்த ருசியும்தான் மிஞ்சும்.

சிக்கரி கலந்த தூள் என்றால் இன்னும் மோசம். சிக்கரி காபியைவிட அதிகமாகக் கரையும். ஃபில்டரில் டிகாஷனுக்குக் கெட்டித்தன்மை தருவது அதுதான். மெஷினில் அதுவே பிசுபிசுத்து, தூள் போடும் ஓட்டைக் கிண்ணமான பாஸ்கெட்டின் ஓட்டைகளை அடைக்கும். காபி–சிக்கரி கலவையில் 49 சதவீதம் வரை சிக்கரி இருக்க நம் நாட்டுச் சட்டம் அனுமதிக்கிறது. பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படித்துவிட்டு வாங்குங்கள்.

சரி, கொட்டையாக வாங்கி மிக்ஸியில் அரைத்தால்? அதுவும் உதவாது. மிக்ஸியின் பிளேடு கொட்டையை அடித்து நொறுக்குகிறது. மாவும் ரவையும் சேர்ந்தே வருகின்றன. மாவிலிருந்து கசப்பும் ரவையிலிருந்து புளிப்பும் ஒரே கோப்பையில் இறங்கும். எந்த மெஷினாலும் இதைச் சரிசெய்ய முடியாது. பர்ர் எனப்படும், பல் வெட்டிய இரண்டு அரைக்கும் பாகங்களுக்கு நடுவே கொட்டையை அரைக்கும் காபி கிரைண்டர்தான் வேண்டும். 20,000 ரூபாய் கையில் இருந்தால் பாதியை இதற்கு ஒதுக்கலாம். அந்தத் தொகையில் மோட்டார் வைத்ததைவிட, எஃகு பர்ர் கொண்ட கையால் சுற்றும் கிரைண்டரே நன்றாக அரைக்கும். வாங்கும்போது, அரைவையை மாற்றத் திருகும் ஒரு கிளிக்குக்கு பர்ர் எத்தனை மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) நகர்கிறது என்று பாருங்கள்: 20 அல்லது அதற்குக் கீழே இருப்பது நல்லது. அதற்கு மேல் போனால் காபி இறங்கும் நேரம் ஒரு கிளிக்கில் 20 நொடி, அடுத்த கிளிக்கில் 40 நொடி என்று தாவும். நடுவில் நிற்க இடம் இருக்காது.

கிரைண்டர் இப்போதைக்கு முடியாது என்றால், மெஷினோடு வரும் இரட்டைச் சுவர் பாஸ்கெட்டைப் பயன்படுத்துங்கள். அதன் அடியில் ஒரே ஒரு ஊசித்துளை இருக்கும். அழுத்தத்தைத் தூள் அல்ல, அந்தத் துளையே உண்டாக்குகிறது. மேலே வரும் நுரை உண்மையான க்ரேமா, அதாவது நல்ல எஸ்பிரெஸோவின் மேல் படியும் பொன்னிற நுரை, இல்லை. ஆனாலும் கடையில் அரைத்த, சிக்கரி இல்லாத தூளுக்கு அதுதான் பொருத்தம். நல்ல கிரைண்டர் வாங்கிய பிறகும் அதே பாஸ்கெட்டில் தொடர்வது வேறொரு தவறு. அப்போது ஒற்றைச் சுவர் பாஸ்கெட்டுக்கு மாறிவிட வேண்டும்.

மெஷின் பெட்டியில் 15 பார், 20 பார் என்று அச்சிட்டிருப்பது பம்ப்பின் உச்ச அளவு மட்டுமே. 20 என்பது 15-ஐவிட உயர்ந்ததல்ல. பம்ப்பே இல்லாமல் நீராவியால் தள்ளும் மலிவு மெஷின்கள்தான் ஏமாற்றம் தரும். மேல்மூடியை இறுகத் திருகி, ஒவ்வொரு முறையும் அளந்து தண்ணீர் ஊற்றச் சொன்னால் அது பெரும்பாலும் அந்த வகை. அதில் வருவது 1933-இல் இத்தாலியில் பியலெட்டி கொண்டுவந்த, அடுப்பில் வைத்துக் காபி இறக்கும் மோக்கா பாட்டின் காபிக்கு நெருங்கிய உறவு. அந்தக் காபிதான் பிடிக்கும் என்றால் மோக்கா பாட்டே போதும், விலையும் குறைவு.

கொட்டை வாங்கும்போது பீபெரியா, பிளான்டேஷன் ஏ-வா என்று மட்டும் கேட்டுவிட்டு வந்துவிடுகிறோம். அவை கொட்டையின் வடிவத்தையும் அளவையும் சொல்லும் பெயர்கள். என்றைக்கு வறுத்தது என்பதுதான் முக்கியமான கேள்வி. நேற்று வறுத்ததில் கரியமில வாயு நிறைய இருக்கும். ஷாட் (ஒரு முறை இறக்கும் எஸ்பிரெஸோ) குமிழியாகப் பொங்கி வேகமாக ஓடும். ஒரு வாரம், பத்து நாள் ஆறவிட்டு, பிரித்த ஒரு மாதத்துக்குள் முடித்துவிடுங்கள். ஃப்ரிட்ஜில் வைக்காதீர்கள், ஈரத்தையும் சாம்பார் வாசனையையும் கொட்டை இழுத்துக்கொள்ளும். புதிதாகத் தொடங்குபவர்களுக்கு நடுத்தரத்தைவிடச் சற்றுக் கருத்த வறுவல், அராபிகாவோடு கொஞ்சம் ரொபஸ்டா கலந்தது, பிடிக்கு எளிதில் வரும்.

அடுத்தது ஸ்பூன் கணக்கு. ஸ்பூனால் அளந்தால் ஒரு நாள் 13 கிராம், மறுநாள் 17 கிராம். நகை எடை போடுவது போன்ற, 0.1 கிராம் காட்டும் சின்னத் தராசு சில நூறு ரூபாய்க்கே கிடைக்கிறது. 51 மி.மீ. விட்டமுள்ள பாஸ்கெட்டானால் 15 கிராம் தூளில் தொடங்கி, கோப்பையில் 30 கிராம் இறங்கியதும் நிறுத்துங்கள். பம்ப் ஓடத் தொடங்கியதிலிருந்து 25–30 நொடி ஆக வேண்டும். 15 நொடியில் முடிந்து புளித்தால் இன்னும் நைஸாக அரைக்க வேண்டும். 45 நொடி சொட்டிக் கசந்து நாக்கு வறண்டால் கொஞ்சம் கொரகொரப்பாக. எடையையும் அரைவையையும் ஒரே நேரத்தில் மாற்றினால் எது வேலை செய்தது என்றே தெரியாது. எடைகளை அப்படியே வைத்துக்கொண்டு அரைவையை மட்டும் மாற்றுங்கள். பாஸ்கெட்டை மிஞ்சி அடைத்திருக்கிறோமா என்று பார்க்க, அழுத்திய தூள் மேல் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்து, மெஷினில் மாட்டிக் கழற்றுங்கள். நாணயம் தூளில் புதைந்திருந்தால் அளவைக் குறைக்க வேண்டும்.

தூளை மிக பலமாக அழுத்தினால் நல்லது என்பது தவறான நம்பிக்கை. ஓரளவு இறுகிய பின் எவ்வளவு பலம் போட்டாலும் மாற்றமில்லை. சமமாக இருக்கிறதா என்பதே பொருட்டு. சாய்வாக அழுத்தினாலோ கட்டி இருந்தாலோ தண்ணீர் இளகிய இடத்தைத் தேடி வாய்க்கால் வெட்டிப் பாயும். கோப்பையில் புளிப்பும் கசப்பும் ஒன்றாக வரும். ஒரு கார்க்கில் நாலைந்து மெல்லிய அக்குபங்சர் ஊசிகளைச் செருகி, அழுத்துவதற்கு முன் தூளை அடிவரை கிளறிவிடுங்கள். மெஷினோடு வரும், தூளை அழுத்தும் பிளாஸ்டிக் டாம்பர் பெரும்பாலும் பாஸ்கெட்டைவிடச் சிறியது, ஓரத்துத் தூள் அழுந்தாது. கச்சிதமான அளவில் ஓர் எஃகு டாம்பர் வாங்கிக்கொள்ளலாம்.

ஒரு நிமிடத்துக்குள் எரியும் 'ரெடி' விளக்கு தண்ணீரை மட்டுமே சொல்கிறது. பாஸ்கெட்டைத் தாங்கும் கைப்பிடியான போர்ட்டாஃபில்டர் இன்னும் சில்லென்றுதான் இருக்கும். தூள் போடாமல் ஒன்றிரண்டு முறை வெந்நீரை ஓடவிட்டு, அதைக் கோப்பையில் பிடித்துக் கோப்பையையும் சூடாக்குங்கள். நேர்மாறாக, பாலுக்கு நீராவி எடுத்த கையோடு ஷாட் போட்டால் தண்ணீர் அளவுக்கு மீறிக் கொதித்திருக்கும். சீறல் அடங்கும்வரை கொஞ்சம் நீரை வெளியேற்றிவிட்டுப் போடுங்கள்.

தண்ணீர் விஷயத்தில் கவனக்குறைவுதான் பின்னால் அதிகம் செலவு வைக்கும். போர்த் தண்ணீரை ஊற்றினால் உள்ளே உப்புப் படிந்து குழாய் அடைபடும். தாது ஏதுமில்லாத ஆர்.ஓ. தண்ணீரில் படிவு இராது, ஆனால் ருசி தட்டையாகிவிடும். ஒரு லிட்டர் ஆர்.ஓ. நீரில் 10 கிராம் சமையல் சோடாவைக் கரைத்து ஒரு பாட்டிலில் வைத்துக்கொண்டு, மெஷினுக்கு ஊற்றும் ஒவ்வொரு லிட்டருக்கும் அதில் 10 மி.லி. சேருங்கள். மெஷினுக்கும் கேடில்லை, புளிப்பும் சற்று மட்டுப்படும். ஏற்கெனவே உப்புப் படிந்திருந்தால் லிட்டருக்கு 20 கிராம் எலுமிச்சை உப்பு கரைத்து ஓடவிட்டு, பிறகு இரண்டு டேங்க் நல்ல தண்ணீரால் அலசுங்கள். பாய்லர் அலுமினியமானால் கையேடு சொல்லும் மருந்தை மட்டுமே பயன்படுத்த வேண்டும்.