பரேசியின் கோடு: பின்வரிசை நால்வரையும் ஒரே அடியில் நகர்த்தப் பழக்குவது எப்படி

மிலான் அணியின் கால்பந்துத் தற்காப்பாளர் ஃபிராங்கோ பரேசியின் பழைய ஆட்டப் பதிவுகளைப் பார்க்கிறவர்கள் கண்ணில் முதலில் படுவது அவர் தூக்கிய கை. பந்து தாண்டிப் போனதும் கை மேலே, முகம் லைன்ஸ்மேன் பக்கம். ஆஃப்சைடு கேட்கிறார், அதாவது பந்து உதைக்கப்பட்டபோதே எதிரணிக்காரர் நம் பின்வரிசையைத் தாண்டி நின்றார் என்று. அதைப் பார்த்துவிட்டு மைதானத்துக்குப் போகிறவர்களும் முதலில் கையைத்தான் தூக்குகிறார்கள். ஆனால் கை கடைசியில் வருவது. அதற்கு முந்தைய இரண்டு நொடிக்குள் மூன்று காரியம் முடிந்திருக்கும். பந்து வைத்திருப்பவரால் இப்போது முன்னால் அனுப்ப முடியுமா என்று அவர் பார்த்திருப்பார், ஒரு சொல் சொல்லியிருப்பார், பின்வரிசை நான்கு பேரும் ஒரே கோடாக எதிரணி பக்கம் ஏறியிருப்பார்கள். அந்த மூன்றையும் ஓர் அணிக்குப் பழக்கும் வழி இது.

யாரிடம் கோட்டைக் கொடுப்பது

பரேசியின் உயரம் 1.76 மீட்டர். 1960இல் பிரெஷா வட்டாரத்துத் திராவல்யாத்தோவில் பிறந்தவர். அண்ணன் ஜுசெப்பேயை எடுத்துக்கொண்ட மிலான் நகரத்து இன்டர் அணி, தம்பியைப் பொடியன் என்று திருப்பி அனுப்பியது. அதே ஊரின் எதிர்முகாமான மிலான் சேர்த்துக்கொண்டது. அங்கே அவருக்கு விழுந்த பட்டப்பெயரும் 'பிஷினின்', மிலான் பேச்சுவழக்கில் பொடியன்தான். ஆகவே உங்கள் அணியிலும் நெட்டையாக இருப்பவரைத் தேடிப் போகவேண்டாம். 22 வயதில் அவரை மிலான் கேப்டனாக்கியது, எனவே வயதும் கணக்கில்லை.

தேடவேண்டியது பாஸ் கிளம்புவதற்கு முன்பே அதைக் கண்டுபிடிக்கிற கண்ணை. சோதிக்கச் சுலபமான வழி உண்டு. பயிற்சி ஆட்டம் நடக்கும்போது சென்டர் பேக்குகளை (நடுவில் நிற்கும் தற்காப்பாளர்களை) ஒவ்வொருவராக மைதானத்தின் பக்கக் கோட்டுக்கு வெளியே பக்கத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள். எதிரணி பந்தை வாங்கும் ஒவ்வொரு முறையும், அடுத்த உதை முன்னால் போகுமா போகாதா என்று உதைக்கு முன்பே சொல்லச் சொல்லுங்கள். 20 முறையில் 15 சரியாகச் சொல்கிறவர் போதும். பத்துக்கும் கீழே நிற்பவர் எவ்வளவு வேகமாக ஓடினாலும் கோட்டை அவரிடம் கொடுக்காதீர்கள்.

இரண்டு பேரைத் தேர்ந்தெடுங்கள். 1994 மே 18 அன்று ஏதென்ஸில் நடந்த ஐரோப்பிய இறுதி ஆட்டத்தில் பரேசியும் சக சென்டர் பேக் கோஸ்தகூர்த்தாவும் தடையால் ஆட முடியவில்லை. நடுவில் மால்டினியும் ஃபிலிப்போ கல்லியும் நின்றார்கள், மிலான் பார்சிலோனாவை 4-0 என்று வென்றது. பழக்கம் நால்வருக்குள்ளும் ஊறியிருந்ததால்தான் அது முடிந்தது.

அளவுகள்

அன்றைய இத்தாலியில் ஆளுக்கு ஆள் காவல், அவர்களுக்குப் பின்னால் தனியாக ஒரு லிபெரோ என்பதே பொது வழக்கம். 1978 ஏப்ரலில் 17 வயது பரேசியை முதன்முதலாகக் களமிறக்கிய ஸ்வீடன்காரப் பயிற்சியாளர் நில்ஸ் லீட்ஹோல்ம், ஆளைவிட இடத்தைக் காப்பதை நம்பியவர். 1987இல் பயிற்சியாளராக வந்த அரிகோ சாக்கி அதை எல்லைவரை இழுத்துப்போனார். முன்வரிசைக்கும் பின்வரிசைக்கும் இடையே 25 மீட்டருக்கு மேல் இருக்கக்கூடாது என்பது அவர் கணக்கு.

உங்கள் மைதானத்தில் இந்த 25 மீட்டரை முதலில் கண்ணுக்குப் பழக்குங்கள். பக்கக் கோட்டுக்கு வெளியே இரண்டு கொடிகளை 25 மீட்டர் இடைவெளியில் நட்டு, உதவியாளர் ஒருவர் பந்து நகர நகர அவற்றையும் நகர்த்தட்டும். பெரும்பாலான அணிகளுக்கு முதல் நாளில் இடைவெளி 40 மீட்டரைத் தொடும். பின்வரிசை பயந்து கீழே நிற்பதால் மட்டும் இப்படி ஆவதில்லை. முன்னால் இருப்பவர் பந்தை இழந்ததும் நடந்து வருவதே பாதிக் காரணம்.

அடுத்தது நால்வருக்கிடையே அகலம். 68 மீட்டர் அகல மைதானத்தை நான்கு பேரால் மூட முடியாது, மூட முயலவும் கூடாது. ஒருவருக்கொருவர் 8 முதல் 10 மீட்டர். பந்து வலது ஓரத்தில் இருந்தால் இடது ஃபுல்பேக் (ஓரத் தற்காப்பாளர்) ஏறக்குறைய மைதானத்தின் நடுவுக்கே வந்துவிட வேண்டும். தூரத்து ஓரம் காலியாகக் கிடக்கும். அங்கே பந்து போய்ச் சேர நீண்ட உதை தேவை, அது காற்றில் இருக்கும் நேரத்தில் நால்வரும் நகர்ந்துவிடலாம்.

இதற்கு ஒரு கயிறு போதும். 30 மீட்டர் கயிற்றில் 10 மீட்டருக்கு ஒரு முடிச்சு, மொத்தம் நான்கு. ஆளுக்கொரு முடிச்சைக் கையில் பிடிக்கட்டும். இடுப்பில் கட்டாதீர்கள், ஒருவர் விழுந்தால் பக்கத்தவரும் விழுவார். கயிறு தொய்ந்தால் நெருங்கிவிட்டார்கள், இழுபட்டால் விலகிவிட்டார்கள். பத்து நிமிடமாக இரண்டு முறை செய்துவிட்டுக் கயிற்றைக் கீழே போட்டு அதே பயிற்சியைத் தொடருங்கள். கயிற்றோடு நன்றாகச் செய்து, கயிறில்லாமல் உடனே சிதறினால் அவர்கள் கையால் உணர்ந்தார்களே தவிர பக்கத்தில் பார்க்கவில்லை என்று பொருள்.

பந்து திறந்திருக்கிறதா, மூடியிருக்கிறதா

எல்லாம் இதில்தான் இருக்கிறது. மற்றதை அவசரமாகக் கடந்தாலும் இதில் நேரம் செலவழியுங்கள்.

இத்தாலியப் பயிற்சியாளர்கள் பந்தை மூடிய பந்து, திறந்த பந்து என்று இரண்டாகப் பிரிப்பார்கள். வைத்திருப்பவர் தலை குனிந்திருக்கிறார், அல்லது முதுகு நம் கோல் பக்கம், அல்லது ஒன்றரை மீட்டருக்குள் நம் ஆள் மேலே விழுந்து நெருக்குகிறார் என்றால் பந்து மூடியிருக்கிறது. அவரால் கோட்டுக்குப் பின்னால் அனுப்ப முடியாது, ஏறலாம். தலை நிமிர்ந்திருக்கிறது, எதிரே யாருமில்லை, உதைக்கும் கால் பின்னால் போகிறது என்றால் பந்து திறந்திருக்கிறது. உடனே இறங்க வேண்டும். இந்த ஏற்ற இறக்கத்துக்கு அங்கே ரப்பர் நாடா என்று பெயர். இழுத்தால் நீளும், விட்டால் சுருங்கும்.

ஏற ஐந்து சமயங்கள் உண்டு: எதிரணி பின்னால் பாஸ் கொடுக்கும்போது, நாம் பந்தை வெளியே அடித்துத் தள்ளும்போது, அவர்கள் முதல் தொடுதலில் பந்து துள்ளும்போது, வாங்கியவர் முதுகு காட்டும்போது, பக்கவாட்டுப் பாஸ் மெதுவாக உருளும்போது. முதல் இரண்டில் ஐந்து முதல் எட்டு மீட்டர் ஓடி ஏறலாம். மற்ற மூன்றில் இரண்டு மூன்று காலடிக்கு மேல் போகாதீர்கள்.

இறங்கும்போது நேராகப் பின்னோக்கி ஓடக்கூடாது. இடுப்பை அரைவாசி திருப்பி, ஒரு தோள் பந்துக்கும் மறு தோள் கோலுக்கும் இருக்கும்படி சாய்ந்து ஓட வேண்டும். சதுரமாக நிற்பவருக்குத் திரும்பவே ஒரு நொடி போகும், அந்த ஒரு நொடியில் முன்கள ஆட்டக்காரர் ஐந்தாறு மீட்டர் ஓடிவிடுவார்.

இங்கே நடக்கும் பெரிய தவறு, திறந்த பந்துக்கு ஏறுவது. முன்னால் நெருக்க ஆளில்லாமல் பின்வரிசை மட்டும் துணிச்சலாக ஏறினால், ஒரே பாஸில் கோல் கீப்பர் தனியாக நிற்பார். சாக்கியின் மிலானில் கோடு உயர்ந்து நிற்க முடிந்ததற்கு முன்கள ஆட்டக்காரர்கள் வான் பாஸ்டனும் குல்லிட்டும் முன்னாலேயே நெருக்கியது ஒரு காரணம். உங்கள் முன்வரிசை நெருக்காது என்றால் கோட்டைப் பத்து மீட்டர் கீழே வைத்துக்கொள்ளுங்கள், வெட்கமொன்றுமில்லை.

என்ன சொல்லிக் கத்துவது

'மேலே', 'கீழே' என்று கத்தும் அணிகள் உண்டு. இரைச்சலில் முதல் எழுத்து கேட்காது, இரண்டும் 'ஏ' என்றே போய்ச் சேரும். ஒருவர் ஏறுவார், ஒருவர் இறங்குவார். 'ஏறு', 'இறங்கு', 'நில்' என்று வையுங்கள். ஓசையிலும் நீளத்திலும் மூன்றும் வேறு. சொல்பவர் ஒருவர்தான். மற்ற மூவரும் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும், அப்போதுதான் ஓரத்தில் இருப்பவருக்குப் போகும்.

கோட்டைக் கெடுப்பவர் பத்துக்கு ஏழு முறை தூரத்து ஃபுல்பேக். தன் பக்கத்து விங்கர் ஓடுவதைப் பார்த்து அவர் இரண்டு எட்டு கூடவே போவார், மற்ற மூவரும் ஏறியிருப்பார்கள், அவர் ஒருவரால் எதிரணி முழுதும் ஆன்சைடு, அதாவது ஆஃப்சைடு கிடைக்காது. திட்டுவதால் இது மாறாது. அவர் கண் எங்கே இருக்க வேண்டும் என்பதை மாற்றுங்கள். மூன்று நொடிக்கு ஒரு முறை பக்கத்து சென்டர் பேக்கின் இடுப்பைப் பார்க்கச் சொல்லுங்கள். விங்கரை ஓரக்கண்ணால் பார்த்தால் போதும்.

பந்தில்லாத ஆட்டம், பிறகு பத்துக்கு ஐந்து

சாக்கி பதினொருவரையும் நிறுத்தி, பந்து இங்கே இருக்கிறது என்று கற்பனையாகச் சுட்டிக்காட்டி நகர்த்துவார். வெளியிலிருந்து பார்த்தவர்களுக்கு வேடிக்கையாக இருந்திருக்கும். நீங்கள் நால்வரோடு தொடங்குங்கள். மைதானத்தில் எட்டு இடங்களில் எண் போட்ட கூம்புகளை வைத்து எண்ணைச் சொல்லுங்கள், அங்கே பந்து இருப்பதாக நால்வரும் நகரட்டும். எண்ணோடு 'திறந்தது' அல்லது 'மூடியது' என்றும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 12 நிமிடத்துக்கு மேல் வேண்டாம், அதற்குப் பிறகு கால் மட்டும்தான் நகரும், மனம் வேறெங்கோ இருக்கும்.

அடுத்தது அவருடைய பெயர்பெற்ற பந்தயம். ஒழுங்கான ஐந்து பேர் ஒழுங்கில்லாத பத்துப் பேரைச் சமாளிப்பார்கள் என்று குல்லிட்டுக்கும் வான் பாஸ்டனுக்கும் காட்ட அவர் வைத்தது. கோலில் ஜோவன்னி கல்லி, முன்னால் தசோத்தி, கோஸ்தகூர்த்தா, பரேசி, மால்டினி. எதிரே பத்துப் பேர். 15 நிமிடத்துக்குள் அவர்கள் ஒரு கோல் போட வேண்டும். பந்தை இழந்தால் தங்கள் பாதியில் பத்து மீட்டர் உள்ளேயிருந்து மறுபடி தொடங்க வேண்டும், அவ்வளவுதான் விதி. கோல் விழவே இல்லை என்று சாக்கி சொல்லியிருக்கிறார்.

நேராகப் பத்துக்குப் போகாதீர்கள். முதல் வாரம் ஆறு பேர், பிறகு எட்டு, பிறகு பத்து. இந்த ஆட்டத்தில் பந்தை நெருக்க ஆளே இல்லை, ஆகவே பந்து எப்போதும் திறந்தே இருக்கும். நால்வரும் நெருங்கி நின்று மெதுவாக இறங்கி, பெனால்டி பாக்ஸ் விளிம்பில் நின்றுவிட வேண்டும். அதற்கும் கீழே போனால் ஆஃப்சைடு என்ற ஆயுதமே கையில் இருக்காது. எட்டாவது நிமிடம் வாக்கில் கோடு தானாகவே கீழே சரியத் தொடங்கும். களைப்பு. அந்த இடத்தில் நிறுத்தாமல், கோட்டை நடத்துபவர் தானே அதைக் கண்டுபிடிக்கிறாரா என்று மட்டும் பாருங்கள்.

பரேசி காலத்து விதி இன்று இல்லை

1989 மே 24 அன்று பார்சிலோனாவில் ஸ்டெவா புக்கரெஸ்டை மிலான் 4-0 என்று வென்ற இறுதி ஆட்டத்தைப் பார்த்துப் பழகுபவர்கள் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். அன்று கடைசிக்கு முந்தைய தற்காப்பாளருக்குச் சமமாக நின்றாலே ஆஃப்சைடு. 1990இல் அது மாறியது, சமமாக நிற்பவர் இப்போது ஆன்சைடு. எனவே அன்று அரை எட்டில் கிடைத்தது இன்று முழு எட்டில்தான் கிடைக்கும், ஏறும் கட்டளையும் அந்த அளவுக்கு முன்னால் வர வேண்டும். 1992இல் வந்த பேக்பாஸ் விதி இன்னொரு மாற்றம். காலால் கொடுத்த பந்தைக் கீப்பர் கையால் எடுக்க முடியாது. கோடு நம் கோலிலிருந்து 35 மீட்டரில் நின்றால் கீப்பர் பாக்ஸ் விளிம்பில் நின்று காலால் ஆடத் தெரிந்தவராக இருக்க வேண்டும்.

ஆஃப்சைடு இடத்தில் நின்றாலே குற்றமில்லை, ஆட்டத்தில் தலையிட்டால்தான் குற்றம். அதனால் ஒருவரை ஆஃப்சைடில் விட்டுவிட்டு, பின்னாலிருந்து வேறொருவர் ஓடிவந்து பந்தை எடுப்பது இன்று சாதாரணத் தந்திரம். கையைத் தூக்கி நின்றுவிடாதீர்கள். கொடியும் தாமதமாகத்தான் உயரும், விசில் வரும்வரை ஓடுங்கள். த்ரோ-இன், கார்னர், கோல் கிக் ஆகியவற்றிலிருந்து நேராக வரும் பந்துக்கு ஆஃப்சைடு கிடையாது என்பதையும் ஃபுல்பேக்குகள் மறந்துபோவார்கள். ஓரத்தில் த்ரோ என்றதும் கட்டளை 'இறங்கு'தான்.

கோடு உடைந்தபின்

உடையும். அப்போது பந்தோடு வருபவரை நேராகப் பாய்ந்து தாக்காமல், ஓரத்துக்குத் தள்ளிக்கொண்டு மற்றவர்கள் திரும்பி வரும்வரை இழுத்தடிக்க வேண்டும். பந்து அவர் காலைவிட்டு ஒரு மீட்டருக்கு மேல் விலகினால்தான் சறுக்குங்கள். பரேசி வெட்டிச் சறுக்கியதைவிட, முன்கள ஆட்டக்காரருக்கு முன்னால் புகுந்து பாஸையே எடுத்துக்கொண்டதுதான் அதிகம் கற்கத் தக்கது. ஒரு கை நீளமும் ஓர் எட்டும் பின்னால் நில்லுங்கள், பந்து உதைப்பவர் காலைவிட்டுக் கிளம்பியதும் புறப்படுங்கள். கிளம்புவதற்கு முன் போனால் பின்னால் உள்ள இடத்துக்குப் பந்து போகும். எடுத்தபின் நடுக்களம்வரை பந்தோடு போகலாம், லிபெரோவாக வளர்ந்த அவர் அதைத்தான் செய்வார். போகும்போது ஒரு மிட்ஃபீல்டர் அவர் இடத்தில் இறங்கியிருக்க வேண்டும், இல்லையென்றால் அந்த அழகான ஓட்டமே எதிரணிக்கு வழிவிடும்.

பரேசியிடமிருந்து எடுத்துக்கொள்ளவே கூடாத ஒன்றும் உண்டு. 1994 உலகக் கோப்பையில் நார்வேயுடன் மெனிஸ்கஸ் (முட்டிக் குருத்தெலும்பு) கிழிந்து, அறுவை செய்துகொண்டு, காயம்பட்ட 24 நாளில் இறுதி ஆட்டத்துக்கு வந்து, பிரேசிலின் ரொமாரியோவையும் பெபெட்டோவையும் 120 நிமிடம் கோலில்லாமல் நிறுத்தினார். அதற்குப் பிறகு முதல் பெனால்டியைக் கம்பத்துக்கு மேலே அடித்தார். முட்டிக்கு அந்தக் கால அளவை யாரும் முன்மாதிரியாகக் கொள்ள வேண்டாம்.

வாரத்தில் எப்போது

இரண்டு பயிற்சி நாள்தான் கிடைக்கிறது என்றால் முதல் நாள் கூம்பு எண் பயிற்சியும் எண்ணிக்கை கூடிய ஆட்டமும், இரண்டாம் நாள் முழு அணியோடு 25 மீட்டர் கொடி. கயிற்றை மூன்றாம் வாரத்தோடு விட்டுவிடலாம். ஆட்டத்துக்கு முன் தரையை மிதித்துப் பாருங்கள். சேறாக இருந்தால் கோட்டுக்குப் பின்னால் வரும் பந்து உருளாமல் கீப்பருக்கும் நால்வருக்கும் நடுவே நின்றுவிடும், ஐந்து மீட்டர் இறங்கி ஆடுங்கள். காற்று நம் முகத்தில் அடித்தால் எதிரணியின் நீண்ட உதை எதிர்பார்த்ததைவிடப் பின்னால் போய் விழும், அதற்கு இன்னும் ஐந்து. பாதி முடிந்து பக்கம் மாறியதும் இறங்கிய மீட்டர்களைத் திரும்ப ஏறச் சொல்ல மறக்காதீர்கள், பெரும்பாலான அணிகள் இதைத்தான் மறக்கின்றன.