மழைக்காலத்தில் கேஎல் புதுக் கடைகள்: பத்தாங்காலியிலிருந்து போய்ச் சாப்பிட ஒரு வழிகாட்டி

பள்ளி விடுமுறை, போனஸ், கிறிஸ்துமஸ், பொங்கல், பின்னாலேயே தைப்பூசம். நவம்பர் தொடங்கி இந்த மாதங்களில் கேஎல்லில் (கோலாலம்பூரில்) புதுச் சாப்பாட்டுக் கடைகளின் விளம்பரம் கைப்பேசியை நிறைத்துவிடும். பத்தாங்காலி, ராசா, செரண்டா பக்கத்திலிருந்து ஒரு குடும்பம் கிளம்பிப் போய்ச் சாப்பிட்டுத் திரும்ப ஒரு முழு நாள் ஆகும். போன இடத்தில் சாப்பாடு சொதப்பினால் காசோடு அந்த நாளும் வீண். அதனால் எந்தக் கடை என்று யோசிப்பதற்கு முன், எப்போது போவது என்று முடிவு செய்யுங்கள்.

திறப்பு விழாச் சலுகை ஓடும் வாரத்தில் போகவே வேண்டாம். பத்துப் பேருக்குச் சமைத்துப் பார்த்த குழம்பை அந்த வாரம்தான் முதன்முதலாக இருநூறு பேருக்கு வைப்பார்கள். பெரிய பானையில் குழம்பின் அளவு கூடும் வேகத்துக்கு வாய் அகலம் கூடாது. நீர் சீக்கிரம் வற்றாது, குழம்பு தண்ணியாக நிற்கும். அதைக் கட்டியாக்கத் தூளை அள்ளிப் போட்டால் பச்சை வாசம் அடிக்கும். புளியும் உப்பும் அளவு பிடிபட நாளாகும். திறந்து நான்கு முதல் ஆறு வாரம் கழித்துப் போனால் அடுப்படி ஒரு நிலைக்கு வந்திருக்கும்.

கிழமையில் செவ்வாய், புதன், வியாழன் நல்லது. வெள்ளிக்கிழமை மதிய இடைவேளை நீளம் என்பதால் அலுவலகக் கூட்டம் இலைச் சாப்பாட்டுக் கடைகளில்தான் வந்து உட்காரும். சைவம் பிடிப்பவர்களும் அன்றுதான் வருவார்கள். பல கடைகள் திங்களன்று மூடியிருக்கும். பகல் பதினொன்றரைக்குள் மேசையில் உட்கார்ந்துவிடுங்கள். கறி, பொரியல் எல்லாம் அப்போதுதான் இறங்கியிருக்கும், பிற்பகல் மழைக்கும் முன்னால் வேலை முடிந்துவிடும்.

முதல் நாளே கடைக்கு ஒரு போன் போட்டுக் கேளுங்கள்: நாளைக்குக் கடை உண்டா, இலைச் சாப்பாடு எத்தனை மணி வரை, மீன்தலை இருக்கிறதா, என்ன விலை. கூகுளில் போட்டிருக்கும் நேரத்தை நம்பிப் போய் மூடிய கதவைப் பார்த்தவர்கள் நிறைய. மதியம் மூன்றரைக்கு மேல் அடுப்பை அணைத்து, மாலை ஆறுக்குத் திரும்பத் திறக்கும் கடைகளும் உண்டு.

போவதற்குக் காரைவிட கொமுட்டர் ரயில் நல்லது. தஞ்சோங் மாலிம்–பெலாபுவான் கிள்ளான் தடத்து ரயில் நேராகக் கேஎல் சென்ட்ரலுக்கே போகும். பத்தாங்காலியிலிருந்து ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆகும். ரவாங்குக்கு வடக்கே ரயில்கள் நல்ல இடைவெளி விட்டுத்தான் வரும், அதனால் போகும் ரயிலைப் போலவே திரும்பும் ரயிலின் நேரத்தையும் முன்கூட்டியே குறித்துக்கொள்ளுங்கள். பிரிக்பீல்ட்ஸ் கடைகளுக்குச் சென்ட்ரலிலிருந்து நடந்தே போகலாம். மஸ்ஜிட் இந்தியா, லெபோ அம்பாங் பக்கம் என்றால் அங்கேயே எல்ஆர்டி மாறுங்கள், இரண்டாவது நிறுத்தம் மஸ்ஜிட் ஜாமேக். பங்சார் எதிர்த்திசையில் முதல் நிறுத்தம். மழை பிடித்த பிறகு கிராப் கூப்பிட்டால் கட்டணம் ஏறிப்போயிருக்கும், வண்டி வரவும் நேரமாகும்.

இலை போட்டதும் முதலில் அப்பளம்

புதுக் கடையின் தரத்தை முதலில் சொல்வது கோழியோ ஆட்டிறைச்சியோ அல்ல, அப்பளம். எண்ணெயின் வாசத்தை அது அப்படியே பிடித்துக்கொள்ளும். ஒரு துண்டை ஒடித்து மூக்கருகே வைத்துப் பாருங்கள். மீன் பொரித்த வாடை வந்தால் ஒரே எண்ணெயில்தான் எல்லாம் பொரிகிறது. நாக்கின் பின்பக்கம் கசப்பு நின்றால் எண்ணெய் பழசு. ஒடியாமல் வளைந்தால் காலையிலேயே பொரித்துத் திறந்து வைத்திருக்கிறார்கள். இந்த ஈரக் காற்றில் மூடாத அப்பளம் கொஞ்ச நேரத்திலேயே நமத்துவிடும். அப்பளத்தை டின்னில் மூடி வைக்கும் கடை மற்றதையும் கவனமாகத்தான் செய்யும். அப்பளம் சரியில்லாத கடையில் பாவற்காய்ப் பொரியலும் பொரித்த மீனும் சொல்லாதீர்கள். குழம்பு வகையோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

கார்த்திகையில் மாலை போட்டவர்களும் தைப்பூச விரதக்காரர்களும் இந்த எண்ணெய் விஷயத்தை வாய்விட்டே கேட்க வேண்டும். வடைக்குத் தனி சட்டியா, சாம்பாருக்குத் தனி அகப்பையா என்று கேட்பதில் கூச்சம் தேவையில்லை.

அடுத்து ரசம். நுரை கட்டும்போது இறக்க வேண்டிய பொருள் அது. புதுக் கடைகளில் பெரும்பாலும் காலையில் வைத்த ரசம் சூட்டுத் தொட்டியிலேயே மதியம் வரை கிடக்கும். அப்படிக் கிடந்தால் பூண்டின் மணம் போய்விடும், மிளகு அடங்கிப் புளி தூக்கும், மல்லித்தழை கறுத்து மேலே மிதக்கும். சோற்றில் ஊற்றாமல் முதலில் ஒரு குவளையில் வாங்கிக் குடித்துப் பாருங்கள். தோட்டத்து வீட்டு ரசத்தில் வளர்ந்த நாக்குக்கு ஒரு வாய் போதும். கடையின் விளக்கு அலங்காரத்தைப் பார்த்து அந்த நாக்கைச் சந்தேகப்படாதீர்கள்.

சோறு கேட்கும்போது புழுங்கலா பச்சையா என்று சொல்லிக் கேளுங்கள். ஒரு பருக்கையை விரலால் நசுக்கினால் நடுவில் வெள்ளைப் புள்ளி இருக்கக் கூடாது. ஆட்டிறைச்சிப் பிரட்டலில் எண்ணெய் பிரிந்து ஓரத்தில் நிற்க வேண்டும், இறைச்சி எலும்பைவிட்டுத் தானாகக் கழல வேண்டும். நார் நாராக வறண்டிருந்தால் மறுபடி மறுபடி சூடு காட்டியது.

நான்கு பேர் போனால் மூன்று இலை, ஒரு பிரியாணி போதும். பகிர்ந்து சாப்பிட மூன்றே தட்டு: பிரட்டல் ஒன்று, குழம்பு ஒன்று, பொரித்தது ஒன்று. சோறும் காய்கறியும் பெரும்பாலான கடைகளில் திரும்பக் கிடைக்கும், ஆனால் இறைச்சித் தட்டுகள் ஒவ்வொன்றும் தனி விலை. பரிசாரகர் தட்டில் அடுக்கிக் கொண்டுவந்து நீட்டுவதையெல்லாம் வாங்கி வைத்துவிட்டுப் பில்லைப் பார்த்துத் திகைப்பதுதான் அடிக்கடி நடக்கிறது.

மழைக்காலத்துக்கு மட்டும் உரிய இரண்டு எச்சரிக்கை. வடகிழக்குப் பருவமழை நவம்பர் முதல் மார்ச் வரை. கிழக்குக் கரையில் கடல் கொந்தளித்துப் படகுகள் இறங்காத நாட்களில் மீன் விலை ஏறும். மீன்தலைக் கறிக்கு 'அன்றைய விலை' என்று மட்டும் போட்டிருந்தால் தொகையைக் கேட்காமல் ஆர்டர் கொடுக்காதீர்கள். விலைப்பட்டியல் வைப்பது சட்டப்படி கடைக்காரர் கடமை. சிவப்பு மீனுக்குப் பதிலாக வளர்ப்பு சியாகாப் (கொடுவா) கேளுங்கள், அதன் வரத்து படகு கடலில் இறங்குவதை நம்பி இல்லை.

மற்றது தோசை. குளிர்ந்த ஈர இரவில் மாவு மெதுவாகப் புளிக்கும். பழைய கடைக்காரர் அதை அறிந்து முன்கூட்டியே ஆட்டிவிடுவார். புதுக் கடையில் அந்தப் பழக்கம் வந்திருக்காது, தோசை வெளிறித் தட்டையாக, புளிப்பே இல்லாமல் வரும். அடைமழை பெய்த மறுநாள் காலை புதுக் கடையில் தோசை கேட்பதைவிட இடியாப்பம் கேட்பது மேல், அதற்கு மாவு புளிக்க வேண்டியதில்லை.

தம் பிரியாணிக் கடை என்றால் சட்டியின் மூடியை எத்தனை மணிக்குத் திறப்பார்கள் என்று கேட்டு, அந்த நேரத்துக்குப் போங்கள். அகப்பை அடிவரை இறங்கி அள்ள வேண்டும். மேலாக வழித்துப் போட்டால் வெறும் மணச் சோறுதான் கிடைக்கும்.

முன்பதிவு கேட்கும் பெரிய இடங்கள்

உணவகங்களுக்கு நட்சத்திரம் கொடுக்கும் மிஷலின் கையேடு 2022 டிசம்பரில் கேஎல்லுக்கும் பினாங்குக்கும் வந்தது. அதன் பிறகு வரிசையாகப் பல சிறு தட்டுகள் பரிமாறும் உணவகங்களில் நம் மக்களுக்கும் ஆர்வம் கூடியிருக்கிறது. ஆண்டு நிறைவு, பட்டமளிப்பு என்று ஒரு முறை போவதில் தவறே இல்லை. மாட்டிறைச்சி சாப்பிடுவதில்லை, ஜெலட்டின் வேண்டாம், இன்ன நாள் சைவம் என்பதைப் பதிவு செய்யும்போதே எழுதிக் கொடுங்கள். குழம்புக்கான எலும்புச் சாறு முதல் நாளே கொதித்துவிடும், மேசையில் உட்கார்ந்து சொன்னால் அவர்களால் மாற்ற முடியாது. முன்பணம் எத்தனை நாளுக்கு முன் ரத்து செய்தால் திரும்பும் என்றும் பாருங்கள். இரவுச் சாப்பாடு அங்கே இரண்டரை, மூன்று மணி நேரம் ஓடும், கடைசி ரயில் போய்விடும். மதிய விருந்து நடத்தும் இடமாகத் தேர்ந்தெடுங்கள், விலையும் பெரும்பாலும் குறைவு.

பில்லில் சேவைக் கட்டணம் 10 விழுக்காடு, சேவை வரி 6 விழுக்காடு என்று இருந்தால் 100 வெள்ளிச் சாப்பாடு சுமார் 116 வெள்ளி ஆகும். முன்னது கடைக்குப் போவது, பின்னது அரசாங்கத்துக்கு. 2024 மார்ச்சில் சேவை வரி 8 விழுக்காடாக உயர்ந்தபோது உணவும் பானமும் 6-லேயே விடப்பட்டன. ஆண்டு விற்பனை 15 லட்சம் வெள்ளியைத் தாண்டினால் கடை பதிவு செய்தாக வேண்டும். பதிவு செய்த கடைதான் அந்த வரியை வாங்கலாம், ரசீதில் பதிவு எண் இருக்கிறதா என்று பாருங்கள்.

வீட்டுக்குத் தாப்பாவ் (பொட்டலம்) கட்டிக்கொண்டு போவதாக இருந்தால் குழம்பைத் தனியாக, சோற்றைத் தனியாகக் கட்டச் சொல்லுங்கள். பொரித்ததைக் காகிதத்தில் வாங்குங்கள், பிளாஸ்டிக்கில் போட்டால் ஆவியில் ஊறிவிடும். சமைத்து நான்கு மணி நேரத்துக்குள் சாப்பிட்டுவிட வேண்டும் என்பது கணக்கு. காலை பதினொன்றுக்கு இறங்கிய தேங்காய்ப்பால் குழம்பை மாலை நான்கு மணி ரயிலில் கொண்டுவருவது ஆபத்து. பிரட்டல், ஊறுகாய், முறுக்கு தாங்கும். வீடு சேர்ந்ததும் பிரட்டலைச் சட்டியில் போட்டு ஆவி பறக்கச் சூடாக்கிய பிறகே பிள்ளைகளுக்குக் கொடுங்கள்.