கரையில் காணாமற்போன பேடில் போர்டு: திருட்டுக்கான காப்பீட்டை முதன்முறை எடுப்பவருக்கு ஒரு செய்முறை விளக்கம்

இராமநாதபுரம் மாவட்டக் கடற்கரை ஊரான பிரப்பன்வலசையில் வாடகைக்குக் கயாக் என்னும் சிறு துடுப்புப் படகும், நின்றபடி துடுப்புப் போட்டு ஓட்டும் பலகையான பேடில் போர்டும் ஓட்டிப் பழகியபின், சொந்தமாக ஒன்று வாங்க நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். அருகிலுள்ள அரியமான் கடற்கரைப் பக்கம் ஒரு வீட்டில் தங்கியிருந்தபோது என் போர்டைப் பனையோலை வேலியில் சாய்த்துவிட்டுத் தூங்கினேன். விடிந்து பார்த்தபோது வேலியில் என் ஈரத்துண்டு மட்டும் தொங்கியது. மணலில் போர்டை இழுத்துச் சென்ற தடம் தார்ச்சாலை வரை போய் நின்றுவிட்டது. வீட்டுப் பொருள்களுக்குக் காப்பீடு இருக்கிறதே என்று தைரியமாக இருந்தேன். இழப்பை மதிப்பிடக் காப்பீட்டு நிறுவனம் அனுப்பிய சர்வேயர் கேட்டது ஒரே கேள்விதான்: "எந்தப் பூட்டு உடைந்தது?" எதுவும் உடையவில்லை என்பதால் ஒரு ரூபாய்கூடக் கிடைக்கவில்லை. கோபம் தணிந்தபின் பாலிசியை எடுத்துப் படித்தேன். அவர் கேட்டது சரிதான்.

முதல் படி: பாலிசியில் எந்தச் சொல் இருக்கிறது என்று பாருங்கள்

நாம் எல்லாவற்றையும் திருட்டு என்றே சொல்கிறோம். காப்பீட்டு ஆவணமோ கன்னக்களவு வேறு, வெறும் திருட்டு வேறு என்று பிரிக்கிறது. பூட்டையோ கதவையோ உடைத்தோ, ஆளை மிரட்டியோ நடந்தால்தான் அது கன்னக்களவு. கன்னக்களவுக்கான பாலிசியில் பலப்பிரயோகம் இல்லாத திருட்டுக்கு இழப்பீடு கோர முடியாது என்று உச்சநீதிமன்றமே 2004-இல் தீர்ப்பளித்திருக்கிறது. திறந்த கரையில் கிடக்கும் போர்டுக்கு உடைப்பதற்குக் கதவேது?

2021 ஏப்ரல் 1 முதல் பொதுக் காப்பீட்டு நிறுவனங்கள் ஒரே வடிவில் விற்கும் 'பாரத் கிருஹ ரக்ஷா' வீட்டுக் காப்பீட்டிலும் இதே சிக்கல் உண்டு. தீ, புயல், வெள்ளம் போன்ற நிகழ்வு ஒன்று நேர்ந்து, அதன் விளைவாக 7 நாள்களுக்குள் பொருள் திருடு போனால் மட்டுமே அது பணம் தரும். அமைதியான இரவில் நடக்கும் திருட்டு அதில் அடங்காது. ஆகவே, வீட்டுக்கு வெளியே கொண்டுசெல்லும் பொருள்களுக்கான 'ஆல் ரிஸ்க்' வகைப் பாலிசியையோ, கூடுதல் பிரீமியம் கட்டிச் சேர்க்கும் திருட்டுப் பிரிவையோ கேளுங்கள். கேட்கும்போது மூன்று ஐயங்களைத் தீர்த்துக்கொள்ளுங்கள்: உடைப்பு இல்லாத திருட்டு சேருமா, பூட்டாத வண்டியிலோ ஆளில்லாத கரையிலோ வைத்திருந்தால் என்ன ஆகும், விளையாடிக்கொண்டிருக்கும் நேரம் விலக்கப்பட்டுள்ளதா. முகவர் வாயால் சொல்லும் "எல்லாம் வரும் சார்" என்ற பதில் பிற்பாடு எதற்கும் உதவாது. மின்னஞ்சலில் எழுதி வாங்குங்கள்.

இரண்டாம் படி: உங்களுடையது என்பதற்குச் சான்று

விலைச்சீட்டைப் படமெடுத்து வையுங்கள். போர்டின் வரிசை எண்ணை வாங்கிய அன்றே குறித்துக்கொள்ளுங்கள். உப்புக்காற்றும் வெயிலும் பட்டால் ஒட்டப்பட்ட எண் சீக்கிரமே உரிந்துவிடும். நாட்டுப்படகுகளில் பதிவு எண்ணைப் பெயின்டில் பெரிதாக எழுதுவது போல நீங்களும் பெயரின் முதலெழுத்தை எழுதிக்கொள்ளலாம். அழகு சற்றுக் குறையும். விற்க நினைக்கும் திருடனுக்கும் ஆசை குறையும்.

மூன்றாம் படி: வைக்கும் முறை

பனிச்சறுக்கு நடக்கும் ஊர்களில் சறுக்குக் கட்டைகளைச் சோடியாக வைக்காமல், நண்பருடைய ஒற்றைக் கட்டையோடு தம்முடைய ஒற்றையைச் சேர்த்து ஓரிடத்திலும், மற்ற இரண்டை வேறோரிடத்திலும் வைக்கும் வழக்கம் சிலரிடம் உண்டு. சோடி சேராத கட்டையைத் திருடன் எளிதில் தொடமாட்டான். இராமேசுவரத்தில் பட்டம் கட்டிக் கடலில் சறுக்குபவர்களும் பட்டத்தை ஓரிடத்திலும் அதன் பிடிகட்டையை வேறிடத்திலும் வைக்கலாம். பேடில் போர்டானால் துடுப்பை அறைக்குள் கொண்டுபோய்விடுங்கள்.

நான்காம் படி: திருடுபோன அன்று

தடம் அழிவதற்கு முன் படமெடுத்துவிட்டு, அன்றே காவல் நிலையம் செல்லுங்கள். உச்சிப்புளியா, மண்டபமா என்று எல்லைக் கணக்குப் பார்த்து உங்களை அலைக்கழிக்கத் தேவையில்லை. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-ஆம் பிரிவுப்படி, சம்பவம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும் தகவலைப் பதிய வேண்டும். மின்னணு முறையில் அனுப்பினால் 3 நாள்களுக்குள் நேரில் கையொப்பமிட வேண்டும். முதலில், புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான மனு ரசீதை மட்டும் தருவார்கள்; அதோடு திரும்பிவிடாதீர்கள். காப்பீட்டுக்கு வேண்டியது முதல் தகவல் அறிக்கை. அதன் நகலை இலவசமாகத் தர வேண்டும் என்று அதே பிரிவு சொல்கிறது. பதிய மறுத்தால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு அஞ்சலில் எழுதலாம்.

அன்றே காப்பீட்டு நிறுவனத்துக்கும் தெரிவித்து, க்ளெய்ம் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். விசாரணையில் பொருள் அகப்படாவிட்டால், கண்டுபிடிக்க இயலவில்லை என்ற சான்றைக் காவல் நிலையத்தில் கேட்டு வாங்க வேண்டியிருக்கும்.

ஐந்தாம் படி: எவ்வளவு கிடைக்கும்

பிரீமியத்தை மிச்சப்படுத்த மதிப்பைக் குறைத்துக் காட்டியவர்கள் இங்கேதான் அடிபடுகிறார்கள். 90,000 ரூபாய் பெறுமான சாமான்களை 60,000-க்குக் காப்பீடு செய்து, அதில் 45,000 ரூபாய் போர்டு மட்டும் போனால், குறைமதிப்பு விதி உள்ள பாலிசியில் மூன்றில் இரண்டு பங்கான 30,000 ரூபாய்தான் கணக்காகும். அதிலும் தேய்மானமும், நீங்கள் ஏற்க வேண்டிய தொகையும் கழியலாம்.

நிறுவனம் இழப்பீடு தர மறுத்தால், முதலில் அதன் குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுதுங்கள். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் ஏற்கத்தக்கதாக இல்லாவிட்டாலோ, ஓராண்டுக்குள் சென்னையிலுள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் முறையிடலாம். கட்டணமில்லை, வழக்கறிஞரும் தேவையில்லை.

பணம் வாங்கியபின் போர்டு கிடைத்துவிட்டால், ஓசைப்படாமல் வீட்டுக்குக் கொண்டுவந்துவிடாதீர்கள். முழு இழப்பீடு கொடுத்த நிறுவனத்துக்கே அப்போது அதன்மேல் உரிமை. தெரிவித்துவிட்டு, போர்டுதான் வேண்டுமென்றால் வாங்கிய தொகையைத் திருப்பிக் கொடுப்பது பற்றிப் பேசுங்கள்.