இலியட்டை முதன்முறையாக வாசிப்பது எப்படி?

டிராய் நகரப் போரைப் பற்றி ஹோமர் பாடிய பழைய கிரேக்கக் காவியம் இலியட். அதைக் கையில் எடுக்கும் பலர் இரண்டாம் பாகத்தில் நின்றுபோகிறார்கள். டிராய்மீது படையெடுத்து வந்த கப்பல்களை ஹோமர் அங்கே ஊர்வாரியாகப் பட்டியலிடுகிறார். மொத்தம் 1,186 கப்பல்கள். யார் யார் என்றே பிடிபடாத நேரத்தில் அதில் மாட்டிக்கொண்டால் அலுப்புத்தான் வரும். அதனால் முதல் முறை வாசிப்பவர்களுக்காக ஒரு வழியைச் சொல்கிறேன். கிரேக்க மொழியோ வரலாறோ தெரிந்திருக்க வேண்டாம். ஒரு நல்ல மொழிபெயர்ப்பு, ஒரு தாள், ஒரு பென்சில் போதும்.

படி 1: எதெல்லாம் வராது என்று தெரிந்துகொள்ளுங்கள்

டிராயை வீழ்த்திய மரக்குதிரை இலியட்டில் வராது. அக்கிலீஸின் சாவும் வராது, டிராய் விழுவதும் வராது. போரின் பத்தாம் ஆண்டில் தொடங்கி ஏறக்குறைய ஐம்பது நாளில் கதை முடிந்துவிடுகிறது. 24 பாகங்கள், 15,693 வரிகள். இத்தனையும் ஒரே ஒருவனுடைய சினத்தைப் பற்றியது. அக்கிலீஸின் சினத்தைப் பாடு என்று தேவியை வேண்டித்தான் முதல் வரியே தொடங்குகிறது. ஆகவே போர் எப்போது முடியும் என்று காத்திருக்காதீர்கள். அந்தச் சினம் எங்கே போகிறது என்று பாருங்கள்.

படி 2: தாளில் ஒரு கோடு போடுங்கள்

இடப்பக்கம் கிரேக்கர்கள்: தலைமை அரசன் அகமெம்னான், அவன் தம்பி மெனலாஸ், அக்கிலீஸ், அவனுடைய உயிர்த்தோழன் பாட்ரோக்ளஸ், ஒடிசியஸ், ஏஜாக்ஸ். வலப்பக்கம் டிராய்: அரசர் பிரையம், அவர் மகன்கள் ஹெக்டரும் பாரிஸும், ஹெக்டரின் மனைவி ஆண்ட்ரமகி, பாரிஸ் கொண்டுவந்த மெனலாஸின் மனைவி ஹெலன். இப்போதைக்கு இவர்கள் போதும்.

தாளின் அடியில் தெய்வங்களையும் அதே மாதிரி பிரித்து எழுதுங்கள். ஹீரா, அதீனா, பொசைடன் கிரேக்கர் பக்கம். அப்போலோ, அஃப்ரோடைட்டி, ஏரீஸ் டிராய் பக்கம். ஜீயஸ் நடுவில்.

ஒரே ஆளுக்குப் பல பெயர்கள் உண்டு என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். அக்கேயர், ஆர்கைவர், டனாயர் என்று மூன்று பெயரில் வருவதும் ஒரே கிரேக்கப் படைதான். பாரிஸுக்கு அலெக்சாண்டர் என்றும் பெயர். 'பீலியஸின் மகன்' என்றால் அக்கிலீஸ்.

படி 3: முதல் பாகத்தை ஒரே மூச்சில், வாய்விட்டு வாசியுங்கள்

இது பாடிக் கேட்பதற்காகப் பிறந்த கவிதை. கண்ணால் மட்டும் ஓட்டினால் பாதி போய்விடும்.

சிறைபிடிக்கப்பட்ட மகளை மீட்க, பெரும் பொருளோடு வருகிறார் அப்போலோவின் பூசாரி. அகமெம்னான் அவரை அவமானப்படுத்தித் துரத்துகிறான். அப்போலோ கொள்ளைநோயை ஏவுகிறார். முதலில் கோவேறு கழுதைகளும் நாய்களும் விழுகின்றன, அப்புறம் மனிதர்கள். கடைசியில் அந்தப் பெண்ணைத் திருப்பிக் கொடுக்கச் சம்மதிக்கும் அகமெம்னான், அதற்கு ஈடாக அக்கிலீஸிடமிருந்த பிரிசெயிஸ் என்ற சிறைப்பெண்ணை எடுத்துக்கொள்கிறான். அக்கிலீஸ் வாளை உருவப் போகும் நொடியில் அதீனா பின்னாலிருந்து அவன் தலைமுடியைப் பிடித்து இழுக்கிறாள். அவள் வேறு யார் கண்ணுக்கும் தெரிவதில்லை. சினத்தோடு அக்கிலீஸ் போரிலிருந்தே விலகிக்கொள்கிறான்.

படி 4: திரும்பத் திரும்ப வரும் தொடர்களைத் தாண்டிப் போகாதீர்கள்

'விரைந்த கால்களுடைய அக்கிலீஸ்', 'ரோஜா விரல்களுடைய விடியல்' போன்ற தொடர்கள் வந்துகொண்டே இருக்கும். அக்கிலீஸ் சும்மா உட்கார்ந்திருக்கும்போதும் அவன் விரைந்த கால்காரன்தான். கவிஞருக்குச் சொல் பஞ்சம் என்று நினைத்துவிட வேண்டாம். 1930களில் மில்மன் பாரி என்ற அமெரிக்க அறிஞர், தம் மாணவர் ஆல்பர்ட் லார்டுடன் யூகோஸ்லாவியாவுக்குப் போய் அங்கிருந்த நாட்டுப்புறப் பாடகர்களைப் பதிவு செய்தார். அவர்களில் எழுத்தறிவில்லாத அவ்டோ மெஜெடோவிச் பாடிய ஒரு கதை 12,000 வரிகளைத் தாண்டியது. யாப்பில் கச்சிதமாகப் பொருந்தும் ஆயத்தத் தொடர்கள் கைவசம் இருப்பதால்தான், பாடிக்கொண்டே கதையைக் கட்ட முடிகிறது. ஹோமரின் கவிதையும் அப்படிப்பட்ட வாய்மொழி மரபில் விளைந்தது என்று பாரி காட்டினார்.

படி 5: ஓர் உவமையில் கொஞ்ச நேரம் தங்குங்கள்

பதினாறாம் பாகத்தின் தொடக்கத்துக்குப் போங்கள். படை அழிகிறதே என்று பாட்ரோக்ளஸ் அழுதுகொண்டு வருகிறான். 'ஏன் சின்னப் பெண்பிள்ளை மாதிரி அழுகிறாய்?' என்கிறான் அக்கிலீஸ். அவசரமாக நடக்கும் தாயின் சேலையைப் பிடித்து இழுத்து, தூக்கிக்கொள்ளும்வரை கண்ணீரோடு அண்ணாந்து பார்க்கும் குழந்தை அது. கேலிபோல ஆரம்பிக்கும் இந்த உவமையில் தாய் யார்? அக்கிலீஸ்தான். தூக்கச் சொல்லும் குழந்தையை மறுக்க முடியாமல், தன் கவசத்தைக் கொடுத்து அனுப்புகிறான். பாட்ரோக்ளஸ் உயிரோடு திரும்பவில்லை, ஹெக்டர் அவனைக் கொன்றுவிடுகிறான்.

படி 6: எலும்புக்கூட்டை முதலில் வாசியுங்கள்

முதல் சுற்றில் 1, 6, 9, 16, 18, 22, 24 ஆகிய பாகங்கள் போதும். விட்டவற்றை இரண்டாம் சுற்றில் சேர்த்துக்கொள்ளலாம். அப்போது பட்டியல்கள்கூடப் பேச ஆரம்பிக்கும்.

ஆறாம் பாகத்தில் ஹெக்டர் மனைவியைப் பார்க்க வருகிறான். அவளுடைய தந்தையையும் ஏழு சகோதரர்களையும் அக்கிலீஸ் கொன்றுவிட்டான். நீயே எனக்குத் தந்தை, தாய், சகோதரன், கணவன் என்கிறாள். தலைக்கவசத்தில் ஆடும் குதிரைமயிரைப் பார்த்துக் குழந்தை மிரண்டு அழ, இருவரும் சிரித்துவிடுகிறார்கள். ஹெக்டர் கவசத்தைக் கழற்றித் தரையில் வைத்துவிட்டுப் பிள்ளையைத் தூக்குகிறான். இதை மறக்காமல் 22ஆம் பாகத்துக்கு வாருங்கள். போரிலிருந்து வரும் கணவனுக்கு வெந்நீர் வைக்கச் சொல்லிவிட்டு ஆண்ட்ரமகி நெய்துகொண்டிருக்கிறாள். பாட்ரோக்ளஸுக்குப் பழிவாங்க வந்த அக்கிலீஸின் கையில் அவன் இறந்துவிட்டது நமக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது. கேட்பவருக்கு முன்கூட்டியே தெரிந்ததை வைத்து நெஞ்சைப் பிழிவதில் ஹோமருக்கு நிகர் அவர்தான்.

24ஆம் பாகத்தை முதல் பாகத்தின் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அங்கே பிள்ளையை மீட்கப் பொருளோடு வந்த ஒரு தந்தை விரட்டப்பட்டார். இங்கேயும் ஒரு தந்தை பொருளோடு வருகிறார். தன் பிள்ளைகளைக் கொன்ற கைகளை முத்தமிட்டு, ஹெக்டரின் உடலைக் கேட்கிறார் பிரையம். உன் தந்தையை நினைத்துப் பார் என்கிறார். இருவரும் சேர்ந்து அழுகிறார்கள். அக்கிலீஸ் உடலைக் கொடுத்துவிடுகிறான், ஈமச்சடங்கு முடியும்வரை போரை நிறுத்தி வைப்பதாக வாக்கும் தருகிறான். 24 பாகங்களாக வளர்ந்த சினம் இந்த இடத்தில்தான் இறங்குகிறது.

படி 7: ஒடிஸிக்குப் போகும் முன்

போர் முடிந்து ஒடிசியஸ் வீடு திரும்பும் கதைதான் ஹோமரின் இன்னொரு காவியமான ஒடிஸி. அதில் நாயகன் நேரில் வருவது ஐந்தாம் பாகத்தில்தான். முதல் நான்கும் அவன் மகன் டெலிமாக்கஸின் கதை. ஒற்றைக்கண் அரக்கனும் சைரன்களும் 9 முதல் 12 வரையுள்ள பாகங்களில் வருகிறார்கள். அவற்றை ஒடிசியஸே விருந்து மண்டபத்தில் அமர்ந்து சொல்கிறான் என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு தொடங்குங்கள்.