சிமுலேட்டர் மிஷனுக்கு வரலாறு தேடும்போது சறுக்கும் இடங்கள்

கம்ப்யூட்டர் விமான சிமுலேட்டரில் பழைய வான்போர் ஒன்றை எடுத்து மிஷன் (விளையாடுகிறவர் பறக்க வேண்டிய காட்சி) கட்டுகிறவர்கள் முதலில் விழும் குழி, எத்தனை விமானம் வீழ்த்தினோம் என்ற வெற்றிக் கணக்கை அப்படியே நம்புவது. பிரிட்டனுக்கு மேலே ஜெர்மனியோடு நடந்த வான்போரில், 1940 செப்டம்பர் 15 அன்று 185 ஜெர்மன் விமானங்களை வீழ்த்தியதாக பிரிட்டன் அறிவித்தது, ஜெர்மனி உண்மையில் இழந்தது 60-ஐ ஒட்டித்தான். யாரும் பொய் சொல்லவில்லை. ஒரே குண்டுவீச்சு விமானத்தை மூன்று பேர் சுட்டிருப்பார்கள், மூன்று பேரும் தன் கணக்கில் எழுதியிருப்பார்கள். முழு வேகத்தில் கீழே பாய்கிற ஜெர்மன் போர் விமானமான மெஸ்ஸர்ஷ்மிட்டின் என்ஜின் கக்கும் கரும்புகையைப் பார்த்து அடிபட்டுவிட்டது என்று நினைத்தவர்களும் உண்டு. அதனால் ஒரு தரப்பு என்ன வீழ்த்தியது என்று தெரிய வேண்டுமானால் எதிர்த்தரப்பின் இழப்புப் பட்டியலைத்தான் திறக்க வேண்டும். இதைச் செய்யாமல் எதிரிகளின் எண்ணிக்கையைப் போட்டால் வானம் முழுக்க விமானமாக இருக்கும், கம்ப்யூட்டரும் திணறும்.

நம் பக்க எண்ணிக்கையிலும் இதே சிக்கல்தான். ஸ்க்வாட்ரன் (விமானப்படைப் பிரிவு) என்றதும் கையிருப்பில் இருந்த எல்லா விமானத்தையும் மேலே ஏற்றிவிடாதீர்கள், வழக்கமாகப் பறந்தது 12, பல நாட்களில் அதுவும் இல்லை. ஆர்.ஏ.எஃப். (பிரிட்டிஷ் விமானப்படை) ஸ்க்வாட்ரன் பதிவேட்டில் ஃபார்ம் 540, ஃபார்ம் 541 என்று இரண்டு இருக்கும். 540-இல் அன்றைய கதைச் சுருக்கம், 541-இல் எந்த விமானம், யார் ஓட்டினார், எத்தனை மணிக்குக் கிளம்பி எத்தனை மணிக்கு இறங்கினார் என்ற விவரம். கதை சுவாரசியம் என்று நிறைய பேர் 540-ஐ மட்டும் படித்துவிட்டுப் போய்விடுகிறார்கள். மிஷனுக்கு வேண்டியது 541.

அப்புறம் நேரம். நான் வசமாக மாட்டியது இதில்தான். ஹவாயில் ஜப்பான் தாக்கிய அமெரிக்கத் தளமான பேர்ல் ஹார்பர் மிஷனில் காலை 7:55 என்று சரியாகத்தான் போட்டேன், ஆனாலும் சூரியன் நிற்க வேண்டிய உயரத்தில் இல்லை. இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்ட பிறகுதான் தெரிந்தது: 1941-இல் ஹவாய் நேரம் கிரீன்விச்சுக்குப் பத்தரை மணி நேரம் பின்னால் இருந்தது, இப்போது பத்து மணி நேரம்தான், சிமுலேட்டர் இன்றைய கணக்கை வைத்துக்கொண்டிருந்தது. ஜப்பானியப் பதிவுகளிலோ அதே தாக்குதல் டிசம்பர் 8, அதிகாலை 3:25. 1940 கோடையில் ஜெர்மன் கடிகாரம் பிரிட்டன் கடிகாரத்தைவிட ஒரு மணி நேரம் முன்னால் ஓடியது, இதைக் கவனிக்காமல் இரண்டு தரப்பு அறிக்கைகளையும் பொருத்தினால் ஒரே சண்டை இரண்டு சண்டையாகிவிடும்.

விமான வகையில் கண்மூடித்தனம் வேண்டாம். பிரிட்டிஷ் போர் விமானமான ஸ்பிட்ஃபயர் கிடைக்கிறதே என்று 1940-க்கு மார்க் 5 போட்டால் தப்பு, அது 1941 சரக்கு. மெஸ்ஸர்ஷ்மிட் 109-இல் கூடுதல் எரிபொருளுக்கான வெளித்தொட்டி மாட்டும் வசதி ஈ-7 வகையோடுதான் வந்தது. அதற்கு முந்தைய ஈ-4-க்கும் அதை மாட்டிவிட்டால் லண்டன் மேல் பத்து நிமிடம்கூட நிற்க முடியாமல் எரிபொருள் முள்ளையே பார்த்துக்கொண்டிருந்த அந்தத் தவிப்பு மிஷனில் இருக்காது, அந்தப் போரின் பாதி கதையே அதுதானே. விமானத்தளமும் அப்படித்தான்: லண்டன் பக்கத்து ஆர்.ஏ.எஃப். தளமான ஹார்ன்சர்ச் அன்று புல்தரை, இன்றைய வரைபடத்தில் தேடினால் அங்கே பூங்காதான் இருக்கும்.

கடைசியாக, பின்னால் வந்த நமக்குத் தெரிந்ததையெல்லாம் பிரீஃபிங்கில் (கிளம்பும் முன் பைலட்டுக்குத் தரும் விவரக் குறிப்பில்) கொட்டுவது. அன்றைய ரேடார் உயரத்தைச் சொல்வதில் சொதப்பும், பெரும்பாலும் குறைத்தே காட்டும், அதனால் அனுபவப்பட்ட பைலட்டுகள் கட்டுப்பாட்டறை சொன்ன உயரத்துக்கு மேலே சில ஆயிரம் அடி சேர்த்துக்கொண்டுதான் ஏறினார்கள். ஆகவே பிரீஃபிங்கில் 'எதிரி விமானங்கள் 20-க்கு மேல், 15,000 அடி' என்று எழுதிவிட்டு, எதிரியை 18,000 அடியில் சூரியனுக்கு முதுகு காட்டி நிறுத்திவையுங்கள்.